அக்கா முளைத்த தொட்டி

செண்பகத்துக்குக் காரியம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட மறுநாள், அவளுடைய அம்மா பேச்சித்தாய் மொட்டைமாடித் தொட்டியில் சிறுகீரை விதைத்தாள். தொட்டி முழுக்கத் தூவிய விதை தொட்டி முழுக்க முளைக்காமல், நட்டநடுவில் இரண்டு சின்னப் பாதங்களாக மட்டும் முளைத்தது. குதிகால் இருந்தது, உள்ளங்காலின் வளைவு இருந்தது, விரல்கள் தனித்தனியாக இருந்தன, சுற்றிலும் கரிசல் மண் வெறும் மண்ணாகவே கிடந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. பேச்சித்தாய் அலறவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டாள்; கேட்டுவிட்டு, நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அங்கேயே இடுப்பு வலி கண்டது. அன்று பொழுது சாய்வதற்குள் பிறந்தவள்தான் தங்கமாரி. பிறந்த நேரம் சரியில்லை என்று சொல்வார்கள் இல்லையா, அவளுக்கு நேரமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, இடம்தான் இல்லை.

ஏனென்றால் அதுவரைக்கும் குடியிருப்பில் எல்லோரும் வேறு மாதிரி நினைத்திருந்தார்கள். கோவில்பட்டிக்கு வெளியே, எட்டயபுரம் போகிற சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே வெயில் காய்ந்துகொண்டு நிற்கிற மூன்று மாடிக் குடியிருப்பு அது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், ஒரு டீச்சர், ஒரு தையல்காரர் என்று எல்லோரும் ஒருவர் வீட்டுக் குழம்பை இன்னொருவர் ருசிபார்த்து வாழ்கிறவர்கள். காய்ச்சலில் போன பிள்ளை அம்மா வயிற்றுக்கே திரும்பி வந்துவிடும் என்று தரைத்தளத்து சேர்மக்கனி மதினி அடித்துச் சொல்லியிருந்தாள். "அழாத தாயி, போன வழியிலயே திரும்பி வாரா பாரு" என்று பேச்சித்தாயின் வயிற்றைத் தடவித் தடவிச் சொல்லியிருந்தாள். பிறந்தது பெண் என்றதும் குலவை போடக்கூட வாயைக் குவித்துவிட்டாள். அதற்குள் யாரோ மாடிக்கு வரச்சொல்ல, ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவள், துணியில் சுற்றிக் கிடந்த பிள்ளையை வெகுநேரம் பார்த்தாள்.

"செண்பகந்தான் மாடியில நிக்காளே. அப்போ இது யாரு?"

கெட்ட மனசோடு கேட்கவில்லை, சந்தேகத்தில்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்விக்கு அந்தக் குடியிருப்பில் யாரும் பதில் சொல்லவில்லை; தங்கமாரி அந்தக் கேள்விக்குள்ளேயே தவழ்ந்து, அந்தக் கேள்விக்குள்ளேயே நடந்து, வளர்ந்தாள்.

கீரை ஏன் காலாக முளைக்கிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பிழைப்பு இருக்கிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? அவர்களுக்கு இருந்ததெல்லாம் வேறு கேள்விகள். மாடியில் செருப்புப் போட்டு நடக்கலாமா, துணி காயப்போட்டால் பிள்ளைமேல் நிழல் விழாதா, அந்தக் கீரையைத் தின்னலாமா கூடாதா. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவது என்று முடிவாயிற்று. கொடிக்கயிறு மேற்கு ஓரத்துக்கு மாறியது. கீரையைத் தின்பதில்தான் கொஞ்ச நாள் இழுபறி. முளைத்த கொஞ்ச நாளைக்குப் பாதம் பாதமாகவே இருக்கும். பிறகு இலை அகன்று, ஒன்றோடொன்று மோதி, விரல் தெரியாமல் போய், கடைசியில் வெறும் கீரையாகிவிடும். கீரையாகிவிட்டதை என்ன செய்வது? மூன்றாம் மாடியில் இருந்த எஸ்தர் டீச்சர்தான், "வளர்றதுக்காகத்தானே பிள்ள சட்டைய மாத்துது, மாத்துன சட்டைய வெச்சுக்கிட்டா அழுவாங்க?" என்று ஒரு பிடி வாங்கிக்கொண்டு போய்ப் பாசிப்பருப்பு போட்டுக் கடைந்தார். அதற்கப்புறம் பேச்சித்தாய் வேரோடு பிடுங்கிக் கட்டுக்கட்டாகப் படிக்கட்டில் வைத்துவிடுவாள், அவரவர் எடுத்துக்கொண்டு போவார்கள். பிடுங்கிய அன்றே மண்ணைக் கிளறி, ஆட்டுப் புழுக்கையைப் பொடித்துப் போட்டு, விதையை மணலோடு கலந்து, மறுபடியும் தூவிவிடுவாள். ஒரு நாள்கூட மண் சும்மா கிடக்கக் கூடாது. சும்மா கிடந்தால் செண்பகம் வேறு எங்காவது போய் முளைத்துவிடுவாளோ என்று பயம், அவ்வளவுதான்.

அந்த வெயிலில் வருஷம் முழுக்கக் கீரை வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சித்திரையில் கத்திரி வெயில் தளிரை வாட்டிவிடும் என்று தன் கல்யாணப் புடவையை நான்கு கம்பில் பந்தலாகக் கட்டினாள், ஆடிக் காற்று புழுதியை வாரி இறைக்கும் என்று சாக்குகளைத் தைத்துத் தொட்டியைச் சுற்றிச் சுவர் வைத்தாள், ஐப்பசி அடைமழையில் விதை மிதந்துவிடும் என்று தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு தானும் நனைந்தாள், மார்கழிப் பனியில் இலையடியில் வெள்ளை விழுந்தால் விடிந்தும் விடியாமலும் போய் அடுப்புச் சாம்பலைத் தூவினாள். தண்ணீர் லாரி வராத நாளில் வீட்டில் சோறு வடித்த கஞ்சித் தண்ணீர் தொட்டிக்குப் போகும், குளிக்கிற தண்ணீர் தொட்டிக்குப் போகும். கல்யாணம், கோயில் கொடை, தன் கூடப்பிறந்தவளின் பேறுகாலம் எதற்கும் அவள் ஊரைத் தாண்டிப் போகவில்லை. பாதமும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு விதைப்பிலும் வந்தது, வருஷத்துக்கு வருஷம் பெரிதாகி வந்தது, பிழைத்துக் கிடந்திருந்தால் செண்பகத்தின் கால் எப்படி வளர்ந்திருக்குமோ அப்படியே வளர்ந்தது.

குடியிருப்பும் அவளை வளர்த்தது. ஜூன் மாதம் பிறந்தால் எஸ்தர் டீச்சர் மாடிக்கு வந்து, "என்ன செண்பகம், இந்த வருஷம் ஆறாங் கிளாஸா?" என்று கேட்டுவிட்டுப் போவார். தீபாவளிக்கு யாராவது ஒருவர் பாதத்தை நூலால் அளந்துகொண்டு போய் அந்த அளவில் புதுச் செருப்பு வாங்கி வந்து தொட்டிக்கு முன்னால் வைப்பார்கள். அடுத்த தீபாவளிக்குள் கால் வளர்ந்துவிடும், செருப்பு போடாமலே பழசாகிவிடும். அந்தச் செருப்புகள் கட்டிலுக்கடியில் காத்திருந்து, காத்திருந்து, தங்கமாரிக்கு அந்த வயது வரும்போது அவள் காலுக்கு வந்தன. ஒன்றுகூட அவளுக்குச் சரியாக இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அவளை "கீரைக்காரி தங்கச்சி" என்றார்கள். பேச்சித்தாயைக் குடியிருப்பில் எல்லோரும் செண்பகத்தம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருத்தராவது, தவறிப்போயாவது, தங்கமாரியம்மா என்று கூப்பிட்டதில்லை. இது சின்ன விஷயம்தான். சின்ன விஷயம் என்று தங்கமாரியும் தனக்குத்தானே பல தடவை சொல்லிப் பார்த்தாள், ஆறவில்லை.

ஒன்றே ஒன்று அவளுக்கு இருந்தது. பிடுங்கி விதைத்த பிறகு, முளை எட்டிப் பார்க்கும்வரை, தொட்டி கறுப்பாகக் கிடக்கிற அந்தச் சில நாட்கள். மாடியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததால் பேச்சித்தாய் கீழே இருப்பாள். கீழே இருந்தால் கண்ணில் எது படுகிறதோ அதைத்தானே பார்க்க வேண்டும், தங்கமாரி படுவாள். தலையில் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இறுக்கிப் பின்னி விடுவாள். பின்னும்போது பேசுவாள்.

"தலை என்ன இப்படிக் காஞ்சு கெடக்கு? யாரும் எண்ணெ வெக்கலையா?"

"நீதானம்மா வெக்கணும்."

"வெச்சேனே."

"அது போன வெதைக்கி."

பேச்சித்தாய் சிரித்துவிடுவாள். அம்மா சிரிக்கும்போது மேல்பல் ஒன்று லேசாகத் தூக்கிக்கொண்டு தெரியும், அது குடியிருப்பில் தங்கமாரிக்கு மட்டும்தான் தெரியும். அந்த நாட்களில் அவள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவாள், அம்மா மடியில் தலைவைத்துக்கொள்வாள், சோற்றை ஊட்டச் சொல்லி அழிச்சாட்டியம் செய்வாள். பிறகு ஒரு நாள் விடியும்போது பக்கத்துப் பாய் காலியாக இருக்கும், மாடியிலிருந்து "வந்துட்டியா" என்று கேட்கும். தங்கமாரி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பாள். மற்ற பிள்ளைகளுக்கு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற நாள் எப்படியோ, அவளுக்கு விதை முளைக்கிற நாள் அப்படி.

அதனால்தான் ஒரு தடவை அந்தக் காரியத்தைச் செய்தாள். கீரை விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும், அதற்காகப் பேச்சித்தாய் தொட்டியைச் சுற்றி மஞ்சள்தூள் கோடு போட்டு வைப்பாள். அம்மா தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து, தங்கமாரி மஞ்சள் கோட்டை அழித்துவிட்டு, டீக்குப் போடுகிற சீனியை ஒரு கை அள்ளித் தொட்டி ஓரமாகத் தூவிவிட்டு வந்தாள். முளைக்காமல் போகட்டும் என்றுதான் நினைத்தாள், அந்தச் சில நாட்கள் இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்றுதான் நினைத்தாள், அதற்குமேல் அந்த வயதுக்கு நினைக்கத் தெரியவில்லை. எறும்பு தன் வேலையைச் செய்தது. ஆனால் பாதம் வந்தது. வலது கால் முழுதாகவும், இடது கால் குதிகால் இல்லாமலும் வந்தது.

பேச்சித்தாய் போட்ட சத்தத்தில் மூன்று மாடியும் கூடிவிட்டது. பிள்ளை எங்கேயோ விழுந்துவிட்டாள், எதையோ மிதித்துவிட்டாள், இனி நொண்டி நொண்டித்தானே நடப்பாள் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தையல்காரர் தைலம் கொண்டுவந்தார். சேர்மக்கனி மதினி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து, குதிகால் இருக்க வேண்டிய வெறும் மண்ணில் பற்றுப் போட்டாள். எஸ்தர் டீச்சர் ஓரமாக நின்று ஜெபம் பண்ணினார். இரவெல்லாம் அம்மா தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்ததைப் படியில் நின்று பார்த்த தங்கமாரிக்கு வாய்வரைக்கும் வந்தது, நான்தான் செய்தேன் என்று. சொல்லவில்லை. தான் நொண்டியாக்கியது அக்காவை அல்ல, அம்மாவை என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு எந்த விதைப்பிலும் எறும்பு வராமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

இன்னொரு வருஷம் கீரை சிவப்பாக முளைத்தது. விதைக் கடைக்காரர் சிறுகீரையோடு சிவப்புத் தண்டுக்கீரை விதையைக் கலந்து கொடுத்துவிட்டார், அது எல்லோருக்கும் தெரியும், அடுத்த வாரம் அவரே வந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் பாதம் இரண்டும் செக்கச்செவேலென்று நிற்பதைப் பார்த்த சேர்மக்கனி மதினி, விரலை மடக்கி வயதைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குலவை போட்டாள் பாருங்கள், சாலையில் போன பஸ்காரன் வண்டியை நிறுத்திவிட்டான்.

"செண்பகத்தம்மா, ஒம் மக பெரிய மனுசி ஆயிட்டா!"

விதைக்காரர் தவறு விதைக்காரரோடு போயிற்று. எட்டயபுரத்திலிருந்து தாய்மாமன் சுப்பையா பச்சை ஓலை கட்டிக்கொண்டு வந்தார். தொட்டிக்கு மேலே முறையாகக் குடிசை கட்டினார். சீர்வரிசைத் தட்டுகள் படியேறி வந்தன, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் குடியிருப்பு முழுக்க மணத்தன, பட்டுப் பாவாடையைத் தொட்டியின் விளிம்பைச் சுற்றிக் கட்டினார்கள், மஞ்சள் தண்ணீரை ஆளுக்கொரு கை தெளித்தார்கள். பேச்சித்தாய் அன்றைக்குப் பூ வைத்துக்கொண்டாள். தங்கமாரிக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். போட்டோ எடுத்தவர், "பாப்பா, கொஞ்சம் நகரும்மா, அக்காவ மறைக்கிற" என்றார். நகர்ந்து நின்றாள். அந்தப் போட்டோவில் அவளுடைய கை மட்டும் ஓரத்தில் இருக்கிறது.

தங்கமாரி பெரிய மனுஷி ஆனது ஒரு ஐப்பசி அடைமழையில். அம்மா மாடியில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சேர்மக்கனி மதினிதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒரே வீட்டுக்கு எத்தனை தடவை சீர் செய்வது என்று மாமன் பெண்டாட்டி முணுமுணுத்ததால் மாமன் ஒரு புடவையோடு நிறுத்திக்கொண்டார். மழை விட்டதும் இறங்கி வந்த பேச்சித்தாய், ஈரக் கையோடு மகளுக்குக் குங்குமம் வைத்தாள், கன்னத்தைத் தொட்டாள், ஏதோ சொல்ல வந்தவள்போல இருந்தாள்.

"இனிமே அந்த மூணு நாளும் மாடிப்பக்கம் வந்துராத தாயி. தீட்டு பட்டா செடி கருகிரும்."

சரி என்று தங்கமாரி தலையாட்டினாள். ஊரில் எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். ஆனால் அவள் அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதது, எல்லாப் பெண்பிள்ளைகளும் அழுகிற அழுகை இல்லை.

அவளுடைய அப்பா குருசாமி மில்லில் ஷிப்டு பார்க்கிற மனிதர், அதிகம் பேசமாட்டார். மூத்தவளைப் பறிகொடுத்த துக்கம் அவருக்கும் இருந்தது, ஆனால் மாடிக்கு அவர் ஏறுவதில்லை. முளைத்த காலைப் பார்த்தால் போன பிள்ளையின் மீதியெல்லாம் எங்கே என்று தேடச் சொல்லும் என்று ஒரு தடவை சொன்னார். தங்கமாரிக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் கேட்டார்.

"ஒரு நா நீயும் வாயேன். பிள்ளைய ஆஸ்டல்ல விட்டுட்டு வந்துருவோம்."

"வெத போட்டிருப்பேனே அன்னைக்கு."

"ஒரு நாளுதான பேச்சி. சேர்மக்கனி தண்ணி தெளிக்க மாட்டாளா?"

"அவ தெளிச்சா குருவி கொத்திரும்." பேச்சித்தாய் மகள் பக்கம் திரும்பினாள். "தங்கமாரி விவரமான பிள்ள. அது பாட்டுக்குப் போயிரும். என்ன தாயி?"

"போயிருவேம்மா," என்றாள் தங்கமாரி. அவள் விவரமான பிள்ளைதான். விவரமான பிள்ளை என்று பேர் வாங்கிவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து தெரியும்.

அதற்குள் செண்பகத்தின் பாதம் வளர்வதும் நின்று சில வருஷம் ஆகியிருந்தது. பெண்பிள்ளைக்குக் கால் அவ்வளவுதான் வளரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அளப்பதற்கு ஒன்றுமில்லாமல் போனதும் மாடிக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். தீபாவளிச் செருப்பு நின்றது. எஸ்தர் டீச்சருக்கு முட்டி வலி வந்துவிட்டது. பேச்சித்தாய் மட்டும் ஒவ்வொரு விதைப்பிலும் நூலைப் பிடித்துப் பார்ப்பாள், அதே அளவு, நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வாள். ஒரு நாள் தன் பாதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இனி எங்கடி போவப்போற, அவ்வளவுதானா?" என்று கேட்டதைத் தங்கமாரி துணி எடுக்கப் போனபோது கேட்டாள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

கிளம்புகிற அன்று காலையில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனாள். அம்மா தண்ணீர் எடுக்க இறங்கியிருந்தாள். தொட்டியில் மண் சீவி, விதை தூவி, மட்டமாக இருந்தது. மேலே போட வேண்டிய சலித்த எரு பக்கத்தில் முறத்தில் இருந்தது. வெயில் இன்னும் சூடேறவில்லை. எதிர்க் காட்டில் யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

தங்கமாரி செருப்பைக் கழற்றினாள். புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு, ஒரு காலை எடுத்துத் தொட்டிக்குள் வைத்தாள், பிறகு இன்னொரு காலையும் வைத்து, நட்டநடுவில், நின்றாள். மண் குளிர்ச்சியாக இருந்தது, கால் கொஞ்சம் உள்ளே இறங்கிற்று. அவளுக்கு அக்காமேல் கோபம் இல்லை. பார்க்காத ஒருத்திமேல் எத்தனை நாள்தான் கோபமாக இருக்க முடியும். சீனி தூவிய நாளின் எண்ணமும் இல்லை. அம்மா தினமும் விடிந்ததும் ஓடி வந்து பார்க்கிற இடத்தில் ஒரு தடவை தானும் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை, அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பக்கெட் படியில் இடிபடுகிற சத்தம் கேட்டது. சட்டென்று இறங்கி, குழிந்த இடம் தெரியாமல் முறத்து எருவை எடுத்து மேலே பரப்பி, உள்ளங்கையால் தட்டிவிட்டு, பின்னால் தள்ளி நின்றாள்.

"எருப் போட்டுட்டியா?" பேச்சித்தாய் பக்கெட்டை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "நல்லாப் போட்டிருக்க. சீராப் போட்டிருக்க."

"போயிட்டு வாரேம்மா."

"வா தாயி. நேரத்துக்குச் சாப்பிடு." ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு மகளின் தலையில் வைத்தாள். பிறகு தண்ணீரை உள்ளங்கையில் அள்ளித் தெளிக்க ஆரம்பித்தாள்.

கோயம்புத்தூர் ஆஸ்டலில் தங்கமாரிக்கு எல்லாம் பிடித்திருந்தது, எதுவும் பிடிக்கவில்லை. ராத்திரியில் பக்கத்துக் கட்டில்காரிகள் அம்மாவோடு போனில் பேசுவார்கள், என்ன குழம்பு, யார் வந்தார்கள், பூனை குட்டி போட்டதா என்று. அவளுக்கு அப்பா பேசுவார், நல்லாயிருக்கியா, நல்லாயிருக்கேன், வெச்சிரட்டா என்று முடிந்துவிடும். பேச்சித்தாய் போனைத் தொட மாட்டாள், அதில் தலையைத் தடவ முடியாது என்பாள். மண் இந்நேரம் வெடித்திருக்கும் என்று தங்கமாரி விரல்விட்டு நாளை எண்ணினாள். தான் மிதித்ததில் அக்கா வராமல் போய்விட்டால்? வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு அம்மா மாடியில் உட்கார்ந்திருந்தால்? குளிர்ந்த காற்று ஜன்னலில் அடிக்க, செய்திருக்கக் கூடாது, செய்திருக்கக் கூடாது என்று புரண்டு படுத்தாள்.

காலையில் குளித்துவிட்டு வராந்தாவில் ஈரத் தலையோடு நின்றபோது போன் அடித்தது. அப்பாவின் நம்பர்.

"நாந்தான்."

அம்மாவின் குரலைப் போனில் அவள் கேட்டதே இல்லை, அதனால் யாரென்று ஒரு நொடி தெரியவில்லை.

"அம்மாவா? என்னம்மா, அப்பாவுக்கு என்ன?"

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. அக்கா வந்துட்டாடி. வந்ததும் வந்தா, வளந்து வந்திருக்கா!" பேச்சித்தாய்க்கு மூச்சு வாங்கியது, படியில் ஓடி இறங்கியிருப்பாள்போல. "நின்னுபோச்சுன்னு நெனச்சேன்லா, இல்ல, ஒரு விரக்கட கூடியிருக்கு. சேர்மக்கனி மதினிதான் நூலு புடிச்சா. எஸ்தர் டீச்சர் முட்டி வலியோட ஏறி வந்துட்டாங்க. மாடி பூரா ஆளு."

"அப்படியாம்மா."

"எப்படி நிக்கா தெரியுமா? இத்தன வருசமும் நேராத்தான் நிப்பா, தூணு மாதிரி. இப்போ எடது காலு கொஞ்சம் உள்ளாற திரும்பியிருக்கு, கூச்சப்பட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி. அந்தக் கால்ல சுண்டுவிரலு இருக்கு பாரு, அது பக்கத்து விரலு மேல ஏறிப் படுத்திருக்கு. அத மட்டும் எத்தன தடவ பாத்தேன்னு தெரியல. என்ன அழகுங்கிற! நாம் பெத்த காலு, எனக்கே இத்தன நாளு தெரியாமப் போச்சே!"

தங்கமாரி வராந்தாவின் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். குனிந்து பார்த்தாள். இடது காலின் சுண்டுவிரல், பிறந்ததிலிருந்து இருக்கிறபடி, பக்கத்து விரலின்மேல் ஏறிப் படுத்திருந்தது.

அது நான்தாம்மா என்று ஒரு வார்த்தை, அவ்வளவு போதும். வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டால் அம்மா, அப்போ செண்பகம் எங்கே என்று கேட்பாள், மறுபடியும் ஒரு பிள்ளையைப் பறிகொடுப்பாள். சொல்லாவிட்டால் இன்று முழுக்க அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், வெயில் படாமல் புடவை கட்டுவாள், விரல் விரலாகத் தண்ணீர் தெளிப்பாள். தங்கமாரி திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"இருக்கியாடி?" என்றாள் பேச்சித்தாய்.

"இருக்கேம்மா. இன்னொரு தடவ சொல்லு."

"எத?"

"காலத்தான். எப்படி இருக்கு, மொதல்லருந்து சொல்லு."

பேச்சித்தாய்க்குச் சொல்லக் கசக்குமா? போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டு, அவசரப்படாமல், குதிகாலிலிருந்து ஆரம்பித்தாள். தங்கமாரி சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அம்மா தன்னைக் கொஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.